பிடி தளர்ந்ததும் பிடி விடாததும்: சுண்டெலி கரு ஸ்டெம் செல் வளர்ப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே செல் வரிசை, இரண்டு மாத இடைவெளிக்குள், எதிரெதிரான இரண்டு கோளாறுகளைக் காட்டியது. முதலில், யாரும் கேட்காமலேயே செல்கள் வேறுபாடடைய, அதாவது எதுவாகவும் மாறக்கூடிய நிலையை விட்டுக் குறிப்பிட்ட செல் வகைகளாக மாற, தொடங்கின. அதைச் சரிசெய்த பிறகு, வேறுபாடடையச் சொன்னபோது கணிசமான செல்கள் மறுத்தன. முதல் கோளாறின் காரணம் ஒரு வடிகட்டியிலும் ஒரு குளிர்பெட்டியிலும் இருந்தது. இரண்டாவதின் வேர், முதலாவதைச் சரிசெய்த விதத்தில் இருந்தது.

பின்னணி

சிறிய ஆய்வகம், வளர்ப்பு வேலையை மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். சுண்டெலி கரு ஸ்டெம் செல்களிலிருந்து நரம்பு முன்னோடிச் செல்களை உருவாக்கிப் பக்கத்துக் குழுக்களுக்குக் கொடுப்பது அவர்களின் வழக்கமான பணி. செல் வரிசை ஆண் கருவிலிருந்து வந்தது, குரோமோசோம்கள் 40. நரம்பு முன்னோடிகளில் இயங்கும் சாக்ஸ்1 மரபணுவின் இடத்தில் பச்சை ஒளிர்புரதம் பதிக்கப்பட்டிருந்ததால், நரம்புப் பாதையில் இறங்கிய செல்லை நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம்.

ஊட்டச் செல்கள் (அடியில் பரப்பி, ஸ்டெம் செல்களைத் தாங்கும் துணைச் செல்கள்) இல்லாமல், 0.1% ஜெலட்டின் பூசிய ஃபிளாஸ்க்கில் வளர்த்தார்கள். மீடியத்தில் 10% கன்றுக்கரு சீரம், 0.1 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோஎத்தனால், மில்லிலிட்டருக்கு 1000 யூனிட் லிஃப் என்ற புரதம். இரண்டு நாளுக்கு ஒருமுறை டிரிப்சின் போட்டுப் பிரித்து, 25 சதுர செ.மீ. ஃபிளாஸ்க்குக்கு 10 லட்சம் செல்கள் வீதம் மறுபடி இடுவார்கள்; இப்படி ஒருமுறை பிரித்து இடுவது ஒரு பாசேஜ்.

இந்த மீடியத்தில் செல்லின் அடையாளத்தைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று லிஃப். 1981இல் கரு ஸ்டெம் செல்கள் முதன்முதலாகப் பிரிக்கப்பட்டபோது ஊட்டச் செல்கள் இல்லாமல் அவற்றை வளர்க்க முடியவில்லை. ஊட்டச் செல்கள் தருவதில் முக்கியமானது இந்தப் புரதம்தான் என்பது 1988இல் தெரியவந்தது. லிஃப் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே ஜாக் நொதிகள் ஸ்டாட்3 புரதத்தின் 705ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஸ்டாட்3 உட்கருவுக்குள் போய் கேஎல்எஃப்4 போன்ற மரபணுக்களை இயக்குகிறது. இரண்டாவது, சீரத்திலுள்ள பிஎம்பி வகைப் புரதங்கள். அவை ஐடி புரதங்களைத் தூண்டி நரம்புப் பாதையை அடைக்கின்றன. லிஃபுடன் பிஎம்பி4 சேர்த்தாலே சீரம் இல்லாமல் வளர்க்கலாம் என்று 2003இல் காட்டப்பட்டது.

தள்ளுவிசையோ வெளியிலிருந்து வருவதில்லை. ஆக்ட்4, சாக்ஸ்2 என்ற இரு புரதங்கள் சேர்ந்துதான் பன்திறன் நிலையை, அதாவது உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலையை, தாங்குகின்றன. அதே இரண்டும் எஃப்ஜிஎஃப்4 மரபணுவையும் இயக்குகின்றன. வெளியே சுரக்கும் எஃப்ஜிஎஃப்4 அதே செல்களின் எர்க் வழியைத் தூண்டி, வேறுபாடடையும் பக்கம் தள்ளுகிறது. ஆக, கரு ஸ்டெம் செல் சும்மா இருந்தால் நிலைத்திருக்கும் பொருள் அல்ல. தன்னைத்தானே வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும் செல்லை லிஃப் உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. இழுப்பு குறைந்தால், புதிதாக எதையும் சேர்க்காமலேயே செல் வெளியேறும். நடந்ததும் இதுதான்.

முதல் வாரம்

நாள் 0 அன்று புதிய மீடியம் கலக்கப்பட்டது. பழைய சீரம் தொகுதி தீரும் நிலையில் இருந்ததால் புதிய தொகுதியைத் திறந்தார்கள். அதே பாட்டிலில் புதிதாகக் கரைத்த லிஃபும் சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் சீரம் மாறியது எழுதப்பட்டிருந்தது. லிஃப் மாறியது எழுதப்படவில்லை. பின்னால் வீணான நாட்களில் பாதிக்கு இந்த ஒரு வரி இல்லாததே காரணம்.

முதல் பாசேஜில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இது எதிர்பார்க்கத்தக்கதே. லிஃபை முழுதாக எடுத்துவிட்டாலும் செல்கள் மறுநாளே முகம் மாறுவதில்லை; அடர்த்தியான வளர்ப்பில் செல்களே சிறிது லிஃப் சுரக்கின்றன, சீரமும் மாற்றத்தை மெதுவாக்குகிறது.

நாள் 4இல் காலனிகளின் விளிம்பு கலைந்தது. நல்ல காலனியில் விளிம்பு வழவழப்பாக ஒளியை முறிக்கும். உள்ளே செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான கோடு தெரியாது. இங்கே ஓரத்துச் செல்கள் தட்டையாகி, ஒவ்வொன்றின் எல்லையும் தனியாகத் தெரிந்தது. நாள் 6இல் மூன்றில் ஒரு பங்கு காலனிகள் தட்டை. இடைவெளிகளில் அகலமாகப் பரவிய பெரிய செல்கள். சில காலனிகளின் மேல் தளர்வாக ஒட்டிய, உருண்டையான, பளிச்சென்ற செல்கள். இந்தக் கடைசி வகை ஆதி அகப்படை (கருவில் மிக முன்னதாகப் பிரியும் ஒரு படலம்) போன்ற தோற்றம். செல் எண்ணிக்கை வழக்கத்தில் 60 சதவீதம். மீடியம் மஞ்சளாவதும் தாமதமானது.

நாள் 7இல் இரண்டு சோதனைகள் நடந்தன. செல் வளர்ப்பில் ஒளிந்து வளரும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான பிசிஆர் சோதனை எதிர்மறை. ஆக்ட்4 எதிர்ப்பொருள் சாயத்தில் பெரும்பான்மைச் செல்கள் சாயம் ஏற்றன. இந்த இரண்டாவது முடிவு தவறான ஆறுதலைக் கொடுத்தது. வெளியேறும் செல்லில் முதலில் சரிவது நானாக், கேஎல்எஃப்4, ரெக்ஸ்1, எஸ்ஆர்ஆர்பி ஆகிய பன்திறன் புரதங்கள். ஆக்ட்4 கடைசி வரிசையில்தான் இறங்கும். ஆரம்ப நிலையைக் கடந்துவிட்ட செல்லிலும் அது இருக்கும். போதாததற்கு, ஆக்ட்4இன் இருப்பை விட அதன் அளவு முக்கியம். இரு மடங்கைக்கூட எட்டாத உயர்வே செல்லை ஆதி அகப்படை, நடுப்படைப் பக்கம் தள்ளும் என்றும், குறைந்தால் செல் டிரோஃபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியை உருவாக்கும் வகை) ஆகிவிடும் என்றும் 2000இல் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே "ஆக்ட்4 இருக்கிறது" என்ற பதில், கேட்ட கேள்விக்கான பதிலே அல்ல. அதே நாளில் நானாக் சாயமும் போட்டிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். ஆரோக்கியமான சீரம்-லிஃப் வளர்ப்பிலேயே நானாக் செல்லுக்குச் செல் ஏறி இறங்கும் என்பதால், நல்ல வளர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருந்திருக்கும்.

சீரத்தின் மேல் சந்தேகம்

நாள் 8இல் எடுத்த முடிவு: பழைய சீரத்துக்குத் திரும்புவது. முடிவில் நியாயம் இருந்தது. சீரம் தொகுதிக்குத் தொகுதி மாறும் பொருள். மோசமான தொகுதியால் வளர்ப்பு கெடுவது இந்தத் துறையில் எல்லோரும் பார்த்தது. குறிப்பேட்டில் இருந்த ஒரே மாற்றமும் அதுதான்.

மூன்று பாசேஜ்கள், ஆறு நாட்கள். நிலைமை மேலும் மோசமானது. இந்த ஆறு நாட்களில் நடந்த இன்னொரு பிழை: தட்டையான காலனிகள் அதிகமாகிவிட்டதால், அவற்றை ஈடுகட்ட இரு மடங்கு செல்களை இட்டார்கள். அடர்த்தி கூடக் கூட எஃப்ஜிஎஃப்4இன் செறிவும் கூடும். காலனிகள் ஒன்றோடொன்று முட்டி நடுவில் கருமையாகும். மோசமான வளர்ப்பைக் கூட்டமாக வளர்த்தால் தேறும் என்பது உணர்வு சொல்லும் வழி. இங்கே அது எதிர்ப்பக்கம் வேலை செய்தது.

ஆறு குழிகள்

நாள் 14இல்தான் முறையான பிரிப்புச் சோதனை தொடங்கியது. பழைய லிஃப் குப்பி ஒன்றின் அடியில் 60 மைக்ரோலிட்டர் மிச்சம் இருந்ததைக் கண்டெடுத்தார்கள். அது 1000 மடங்கு செறிவுக் கரைசல் என்பதால் 60 மில்லிலிட்டர் மீடியத்துக்குப் போதும். ஆறு குழித் தட்டில் குழிக்கு 600 செல்கள், 2 மில்லிலிட்டர் மீடியம், ஆறு நாட்கள், பிறகு, பன்திறன் செல்களில் அழுத்தமாக ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் சாயம்.

குழிகள்: பழைய லிஃப் பழைய சீரம், பழைய லிஃப் புதிய சீரம், புதிய லிஃப் பழைய சீரம், புதிய லிஃப் புதிய சீரம், லிஃப் இல்லாமல் சீரம் மட்டும், கடைசியாக, சீரமே இல்லாத என்2பி27 மீடியத்தில் டூ-ஐயும் பழைய லிஃபும். டூ-ஐ என்பது இரண்டு தடுப்பான்கள்: மெக் நொதியைத் தடுக்கும் பிடி0325901, 1 மைக்ரோமோலார், ஜிஎஸ்கே3 நொதியைத் தடுக்கும் சிஹெச்ஐஆர்99021, 3 மைக்ரோமோலார். முதலாவது எஃப்ஜிஎஃப்4இன் தள்ளுதலை எர்க் நிலையில் வெட்டுகிறது. இரண்டாவது பீட்டா கேட்டனினைத் தேக்கி, டிசிஎஃப்3 புரதம் பன்திறன் மரபணுக்களின் மேல் போட்டிருக்கும் தடையை நீக்குகிறது. 2008இல் வந்த முறை இது.

ஒவ்வொரு குழிக்கும் இன்னொரு தட்டில் இரட்டை வைத்தார்கள். அருகிலேயே வேறொரு தட்டில் புதிய லிஃபை 1, 3, 10 மடங்கு அளவுகளில் இட்டார்கள். சிறிய சேர்க்கைதான், முழு விசாரணையும் அதில்தான் திரும்பியது.

நாள் 20இல் எண்ணிக்கை. பழைய லிஃப் இருந்த குழிகளில் முழுதாகச் சாயம் ஏறிய காலனிகள் பழைய சீரத்தில் 61%, புதிய சீரத்தில் 58%. புதிய லிஃப் இருந்தவற்றில் முறையே 19%, 17%. லிஃப் இல்லாத குழியில் 4%. டூ-ஐ குழியில் காலனிகள் குறைவு, ஆனால் ஏறத்தாழ எல்லாமே முழுச் சாயம். சீரம் குற்றமற்றது. புதிய லிஃபை 3 மடங்காக்கியபோது 38%, 10 மடங்கில் 55%.

அளவை ஏற்றினால் தேறுகிறது என்றால், குப்பியில் நச்சு இல்லை, செயல்திறன்தான் குறைந்திருக்கிறது. மாசு இருந்திருந்தால் 10 மடங்கில் நிலை இன்னும் கெட்டிருக்கும். லிஃப் இல்லாத குழியை வைக்காமல் இருந்திருந்தால், 19% என்பது அரைகுறைச் செயல்திறனா, முழுச் செயலிழப்பா என்று சொல்லியிருக்க முடியாது.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். சோதனைக்கு இட்ட செல்கள் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்த ஃபிளாஸ்க்கிலிருந்து வந்தவை. மிகச் சிறந்த குழியிலும் 61%ஐத் தாண்டாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உறைநிலைக் குப்பி ஒன்றை உருக்கி அதிலிருந்து எடுத்திருந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும்.

ஸ்டாட்3இல் சரிபார்த்தது

காலனிச் சோதனை ஆறு நாள் எடுக்கும். லிஃபின் செயல்திறனை ஒரே நாளில் அளக்கவும் வழி உண்டு. நாள் 22இல் அதைச் செய்தார்கள். செல்களுக்கு ஐந்து மணி நேரம் லிஃபும் சீரமும் இல்லாத மீடியம். பிறகு 15 நிமிடம் லிஃப். உடனே செல்களைக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துச் சவ்வில் ஒற்றி, எதிர்ப்பொருளால் காணும் முறை) 705ஆம் டைரோசின் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்3ஐயும் மொத்த ஸ்டாட்3ஐயும் பார்ப்பது.

இந்தச் சோதனை கெடும் இடங்கள் மூன்று. பட்டினி நேரம் குறைந்தால் எல்லாக் கோடுகளிலும் (ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோடு) பாஸ்பேட் பட்டை தெரிந்து வேறுபாடு மறைந்துபோகும். லிஃப் கொடுத்த பிறகு அறை வெப்பத்தில் நிதானமாகக் கழுவினால், செல்லின் பாஸ்பட்டேஸ்கள் அந்த இரண்டு நிமிடத்திலேயே பாஸ்பேட்டைப் பிடுங்கிவிடும். பனிக்கட்டியில் வைத்து, பாஸ்பட்டேஸைத் தடுக்கும் வனடேட் சேர்த்த குளிர்ந்த பிபிஎஸ் உப்புக்கரைசலில் ஒரே கழுவு போதும். மூன்றாவது, 15 நிமிடத்தை 2 மணி நேரமாக நீட்டுவது: ஸ்டாட்3 இயக்கும் எஸ்ஓசிஎஸ்3 திரும்பி வந்து அதே வழியை அடக்கும், நல்ல லிஃபும் மோசமானது போலத் தோன்றும்.

முடிவு ஐயமில்லாமல் வந்தது. மொத்த ஸ்டாட்3 எல்லாக் கோடுகளிலும் சமம். பாஸ்பேட் பட்டை பழைய லிஃபில் அடர்த்தி, புதியதில் மங்கல், புதியதை 10 மடங்காக்கியபோது பழையதற்கு நெருக்கம்.

லிஃப் எங்கே போயிற்று

வாங்கிய புரதத்தில் குறை இல்லை. அதே தொகுதியில் திறக்காத இன்னொரு குப்பியைச் சரியான முறையில் கரைத்ததும் முழுச் செயல்திறன் கிடைத்தது. குறை கரைத்த விதத்தில். படிப்படியாகக் கேட்டு எழுதியபோது கிடைத்தவை இவை.

உலர்தூளாக வந்த 100 மைக்ரோகிராமை 10 மில்லிலிட்டர் பிபிஎஸ்ஸில் கரைத்தார்கள். ஒரு மில்லிகிராமுக்கு 10 கோடி யூனிட் என்ற கணக்கில் இது மில்லிலிட்டருக்கு 10 லட்சம் யூனிட், கணக்கில் பிழையில்லை. ஆனால் துணைப்புரதம் எதுவும் சேர்க்கவில்லை. வழக்கமாக 0.1% மாட்டு சீர ஆல்புமின் சேர்ப்பார்கள். அது பிளாஸ்டிக்கின் சுவர்களை முதலில் பிடித்துக்கொள்ளும். லிஃபுக்கு ஒட்ட இடம் இருக்காது.

அடுத்து, கிருமி நீக்கம் வேண்டுமென்று 0.22 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் செலுத்தினார்கள். கையில் கிடைத்தது நைட்ரோசெல்லுலோஸ் கலந்த சவ்வு. புரதத்தைப் பிடித்து வைக்கத்தான் வெஸ்டர்ன் பிளாட்டில் அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறோம். அதன் வழியே மொத்தமே 100 மைக்ரோகிராம் உள்ள கரைசலைச் செலுத்தினால் பெரும்பகுதி சவ்விலேயே தங்கும். மீடியம் முழுவதையும் வடிகட்டும்போது இந்த இழப்பு கண்ணில் படாது. சீரத்தின் புரதம் சவ்வை நிரப்பிவிடும்.

மூன்றாவதாக, அரை மில்லிலிட்டர் குப்பிகளை உறைபனி தானாக நீங்கும் வகைக் குளிர்பெட்டியில், கதவுப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த வகைப் பெட்டி பனி சேராமல் இருப்பதற்காக அவ்வப்போது சற்றுச் சூடாகும். அரை மில்லிலிட்டர் சிறு அளவு; அதற்கு அந்தச் சூடே போதும். அதோடு ஒரே குப்பியை நான்கைந்து முறை உருக்கி உறைய வைத்திருந்தார்கள். எந்தப் படியில் எவ்வளவு போயிற்று என்று தனித்தனியாக அளக்கவில்லை. வடிகட்டிதான் பெரிய திருடன் என்பது எங்கள் மதிப்பீடு.

மீட்பு, அதன் அவசரம்

நாள் 23இல் கையில் நல்ல லிஃப் இருந்தது. இப்போது இரண்டு வழிகள். கெட்ட வளர்ப்பைக் கொட்டிவிட்டு 19ஆம் பாசேஜில் உறைய வைத்த மூன்று குப்பிகளில் ஒன்றை உருக்குவது. அல்லது இருப்பதை டூ-ஐயில் போட்டு மீட்பது. பக்கத்துக் குழு செல்களுக்காகக் காத்திருந்தது. உருக்கிப் பெருக்கப் பத்து நாள் ஆகும் என்று கணக்கிட்டு, மீட்பைத் தேர்ந்தார்கள். குழுவில் ஒருவர் வற்புறுத்தியதால் ஒரு குப்பியும் அன்றே உருக்கப்பட்டது. அந்த வற்புறுத்தல் இல்லையென்றால் இந்த ஆய்வின் மீதிப் பாதி எழுதப்பட்டிருக்காது.

டூ-ஐயும் லிஃபும் கொண்ட என்2பி27இல் 5 லட்சம் செல்கள் இடப்பட்டன. முதல் நாளே அகலமான செல்கள் சுருங்கின. இரண்டாம் நாள் மிதக்கும் செல்கள் ஏராளம். மூன்றாம் நாள் ஒட்டியிருந்தவற்றை எண்ணினால் 1.8 லட்சம். இதற்கிடையில் செல்கள் பிரிந்து பெருகியும் இருக்கும் என்பதால், உண்மையில் தப்பியவை அதைவிடக் குறைவு. அதன்பின் வளர்ச்சி சீரானது. காலனிகள் குவிமாடம்போல எழுந்து, விளிம்பு கண்ணாடிபோல மின்னியது. சீரம் இல்லாத இந்த மீடியத்தில் ஒட்டுதல் பலவீனம். ஃபிளாஸ்க்கை வேகமாகச் சாய்த்தாலே காலனிகள் உருண்டு போகும். டிரிப்சினை அணைக்கச் சீரம் இல்லாததால் அக்குட்டேஸ் என்ற மென்மையான நொதி போட்டுப் பிரித்து, ஆல்புமின் கலந்த மீடியத்தில் கழுவி, 300 ஜி வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் மீதமிருக்கும் நொதி இரவோடிரவாகக் காலனிகளைப் பெயர்த்துவிடும்.

மூன்றாம் பாசேஜில் வளர்ப்பு "முழுமையாக மீண்டது" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் டூ-ஐ வேறுபாடடைந்த செல்களைத் திருப்பி அழைத்து வருவதில்லை. வெளியேறி வெகுதூரம் போனவை அங்கே சாகின்றன, போகாதவை பெருகுகின்றன. மீட்பு என்று பார்த்தது பெரும்பாலும் சலித்தெடுப்பு. சல்லடையில் எது தங்கியது என்று யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் பச்சை

நாள் 31இல் இரு வளர்ப்புகளையும், அதாவது மீட்டதையும் உருக்கியதையும், நரம்புப் பாதைக்கு விட்டார்கள். இதற்குள் இரண்டும் டூ-ஐயில் ஒரே கால அளவு இருந்தன. ஜெலட்டினில் சதுர செ.மீ.க்கு 10,000 செல்கள். லிஃபும் தடுப்பான்களும் இல்லாத என்2பி27. அடர்த்தி இங்கே உயிர்நாடி. குறைந்தால் செல்கள் சாகும். கூடினால் பன்திறன் செல்கள் கூட்டமாக எஞ்சும்.

நான்காம் நாள், செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டரில் உருக்கிய வளர்ப்பில் 67% பச்சை. மீட்டதில் 31%. நுண்ணோக்கியில் பச்சைப் பரப்பின் நடுவே இருண்ட, குவிந்த திட்டுகள். ஆக்ட்4 சாயம் அந்தத் திட்டுகளில் பிரகாசமாக ஏறியது.

தடுப்பான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது முதல் ஊகம். கூடுதலாக இரண்டு முறை கழுவி மறுபடி செய்தார்கள். 65%, 33%. தடுப்பான் இல்லை. மெக் தடுப்பானில் நெடுநாள் இருந்தால் டிஎன்ஏவின் மெத்தில் குறிகள் பரவலாக அழிகின்றன, தாய்வழி, தந்தைவழி மரபணுக்களை வேறுபடுத்தும் பதிப்புக் குறிகளும் போகின்றன என்று 2017இல் வெளியானது நினைவுக்கு வந்தது. ஆனால் இரு வளர்ப்புகளும் டூ-ஐயில் சம காலம் இருந்தவை. இரண்டுக்குமான வேறுபாட்டை அது விளக்காது.

அடுத்து வெளியேற்றச் சோதனை. என்2பி27இல் 48 மணி நேரமும் 72 மணி நேரமும் விட்ட செல்களைப் பிரித்து, 1000 செல்களை மறுபடி டூ-ஐ லிஃபில் இடுவது. பன்திறன் நிலையிலிருந்து வெளியேறிவிட்ட செல் அங்கே காலனி அமைக்காது, வெளியேறாதது அமைக்கும். உருக்கியதில் 48 மணிக்கு 41 காலனிகள், 72 மணிக்கு 6. மீட்டதில் 212, 118. கதவு திறந்திருந்தும் மூன்று நாளாக உள்ளேயே நிற்கும் செல்கள் பல என்பது எண்ணாகத் தெரிந்தது. வேறுபாடடைவதில் தாமதமா, நரம்புப் பாதையில் மட்டும் தயக்கமா என்ற கேள்விக்கும் இதுவே விடை தந்தது: வெளியேறுவதிலேயே தாமதம்.

நாற்பத்தொன்று

நாள் 46இல் குரோமோசோம் எண்ணினார்கள். செல் பிரிவை நடுவில் நிறுத்தும் கோல்செமிட் மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், ஒன்றரை மணி நேரம், 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 10 நிமிடம். மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் 3:1. சுண்டெலியின் குரோமோசோம்கள் எல்லாமே ஒரு முனையில் மையம் கொண்ட குச்சிகள். எண்ணுவது எளிது, எது எதுவென்று சொல்வது பட்டைச் சாயம் இல்லாமல் நடக்காது. கண்ணாடியில் பரவிய ஒரு செல்லின் குரோமோசோம் தொகுதியே ஒரு பரவல்; 39 என்று வரும் பரவல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துளி விழும் வேகத்தில் ஒன்று சிதறிப் போவது சகஜம். 41 தற்செயலாக வருவது அரிது.

மீட்ட வளர்ப்பில் 40 பரவல்களில் 19இல் 41 குரோமோசோம்கள். உருக்கியதில் 40க்கு ஒன்று. பட்டைச் சாயத்தில் கூடுதல் குரோமோசோம் எட்டாவது. சுண்டெலி கரு ஸ்டெம் செல்களில் அடிக்கடி காணப்படும் பிறழ்வு இது. வேகமாகப் பெருகும் சாதகத்தைத் தருகிறது என்பதும், அத்தகைய செல்கள் எலியின் இனச்செல்களுக்குப் போய்ச் சேர்வது கடினம் என்பதும் 1990களிலிருந்தே தெரிந்தவை.

எப்போது வந்தது? கோளாறுக்கு இரண்டு வாரம் முன்பு 24ஆம் பாசேஜில் உறைய வைத்த குப்பியில் 30க்கு 3. சிறுபான்மையாக ஏற்கெனவே இருந்திருக்கிறது. லிஃப் குறைந்த மூன்று வாரமும் அதன்பின் வந்த டூ-ஐ சல்லடையும் அந்தச் சிறுபான்மையைப் பாதியாக்கின.

மீட்ட வளர்ப்பிலிருந்து 12 தனிச் செல் காலனிகளை எடுத்து வளர்த்தார்கள். ஐந்தில் 41 குரோமோசோம். ஐந்தும் வெளியேறுவதில் தாமதம். ஏழில் 40, அவற்றில் ஆறு இயல்பாக வெளியேறின, ஒன்று தாமதித்தது. தொடர்பு வலுவானது, எட்டாம் குரோமோசோமே காரணம் என்பதற்கு நிரூபணம் அல்ல. அந்த ஒரு விதிவிலக்கு, எண்ணிக்கையில் தெரியாத வேறு மாற்றங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.

முடிவும் மாற்றங்களும்

மீட்ட வளர்ப்பு முழுவதும் அழிக்கப்பட்டது. அதிலிருந்து பக்கத்துக் குழுவுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த ஒரு தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லி, குரோமோசோம் முடிவோடு எழுத்தில் தெரிவித்தார்கள். அவசரத்தால் மிச்சமாகும் என்று நினைத்த பத்து நாளுக்குப் பதில் ஏழு வாரம் போயிற்று.

உருக்கிய வளர்ப்பைப் பெருக்கி, 21ஆம் பாசேஜில் 20 குப்பிகள் கொண்ட மூலச் சேமிப்பு உறைய வைக்கப்பட்டது. குரோமோசோம், மைக்கோபிளாஸ்மா, வெளியேற்றச் சோதனை மூன்றும் தேறிய பிறகே அதிலிருந்து வேலைக் குப்பிகள். எந்த வேலை வளர்ப்பும் மூலச் சேமிப்பிலிருந்து 10 பாசேஜைத் தாண்டாது. தாண்டினால் கொட்டிவிட்டு அடுத்த குப்பி.

லிஃபைக் கரைப்பது இப்போது 0.1% ஆல்புமின் கலந்த, முன்னரே வடிகட்டிய பிபிஎஸ்ஸில், கிருமியற்ற மேடையில். கரைத்த பின் வடிகட்டி கிடையாது. புரதம் ஒட்டாத குழாய்களில் 50 மைக்ரோலிட்டர் வீதம், மைனஸ் 80 டிகிரியில்; உருக்கிய குழாய் 4 டிகிரியில் இரண்டு வாரம், மறுபடி உறைய வைப்பதில்லை. ஒவ்வொரு புதிய கரைப்பும் பழையதோடு அருகருகே 1, 0.3, 0.1 மடங்கில் காலனிச் சோதனைக்குப் போகும். முழு அளவில் மட்டும் சோதித்தால் பாதித் திறன் இழந்த லிஃபும் தேறிவிடும் என்பதால்தான் குறைந்த அளவுகள். சீரமும் லிஃபும் ஒரே வாரத்தில் மாறுவதில்லை.

டூ-ஐ விலக்கப்படவில்லை. காலனிச் சோதனையிலும், சமச்சீரான தொடக்கம் வேண்டிய வேறுபாட்டுச் சோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று பாசேஜிலும் மட்டும் பயன்படுகிறது. கெட்ட வளர்ப்பைக் காப்பாற்ற அல்ல.

மனிதக் கரு ஸ்டெம் செல்களோடு வேலை செய்பவர்கள் இதிலிருந்து செறிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் செல்களைப் பிடித்து வைத்திருப்பவை எஃப்ஜிஎஃப்2உம் ஆக்டிவின் வழியும், லிஃப் அல்ல. அவற்றின் வழக்கமான வளர்ப்பில் மெக் தடுப்பான் போட்டால் செல் தங்காது, போய்விடும். அங்கே எஃப்ஜிஎஃப்2 37 டிகிரியில் விரைவாகச் செயலிழப்பதும், 20ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் ஒரு பகுதி இரட்டிப்பதும் கவனிக்க வேண்டியவை.

வெளியேற்றச் சோதனை ஐந்து பாசேஜுக்கு ஒருமுறை நடக்கிறது: 72 மணி நேரம் என்2பி27இல், பிறகு 1000 செல்கள் டூ-ஐ லிஃபில். 20 காலனிகளுக்கு மேல் வந்தால் குரோமோசோம் எண்ணும் வரை அந்த வளர்ப்பிலிருந்து யாருக்கும் செல்கள் தரப்படுவதில்லை. புதிய சேமிப்பிலிருந்து வந்த முதல் நான்கு வளர்ப்புகளில் 4, 7, 5, 9.